பெயரைக் கடைசியில் படிப்பது

பெயர் வெட்டிய ராணுவக் குத்துவாள் கைக்கு வந்தால், நான் முதலில் அந்தப் பெயரின்மேல் ஒரு துணித்துண்டைச் சுற்றிவிடுவேன். விற்கிறவருக்கு இது பிடிக்காது. அவர் விலை சொல்வதே அந்தப் பெயருக்குத்தான். எழுத்தில்லாத கத்தி ஒரு விலை என்றால், ஒரு வீரனின் பெயரும் அவன் போன சண்டையின் பெயரும் இருப்பது பல மடங்கு விலை. அதனால்தான் பொய்யும் அங்கேயே வந்து உட்காருகிறது. பெயரைப் படித்துவிட்டால் மனம் கதைக்குள் போய்விடும். பிறகு கண் தேடுவது கதைக்கு ஒத்துவருவதை மட்டுமே. துணிக்கு வெளியே இருக்கும் இரும்பு தன் சாட்சியைச் சொல்லி முடிக்கட்டும், அதற்குப் பிறகு எழுத்து பேசட்டும் என்பது என் முறை.

நான் சேர்ப்பது ஃபேர்பேர்ன்–சைக்ஸ் சண்டைக் கத்திகள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இடுப்பிலும் காற்சட்டைப் பக்கத்திலும் வைத்திருந்தது இதைத்தான். வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ் இருவரும் ஷாங்காய் நகராட்சிப் போலீசில் இருந்தவர்கள். அந்த ஊரின் சந்துகளில் கத்திச் சண்டை எப்படி நடக்கும் என்று நேரில் கண்டவர்கள். 1940 நவம்பரில், ஸ்காட்லாந்தில் லோக்கைலோர்ட் பயிற்சி முகாமிலிருந்து வந்து வில்கின்சன் சோர்ட் நிறுவனத்தாரிடம் தங்கள் யோசனையைச் சொன்னார்கள். 1941 ஜனவரியில் முதல் ஐம்பது கத்திகள் வந்தன. இருபுறமும் கூர், வைர வடிவக் குறுக்குவெட்டு, ஊசிபோல் ஒடுங்கும் முனை. பிடி கனமாக இருக்க வேண்டும், கத்தியின் எடை உள்ளங்கையில் விழ வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. கையில் எடுத்ததும் எடை முன்பக்கம் இழுத்தால் எனக்கு அங்கேயே சந்தேகம் தொடங்கிவிடும்.

லண்டனுக்கு வருமுன் கோவையில் டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். லேத்தில் நர்லிங், அதாவது கை வழுக்காமலிருக்கப் போடும் கட்டக் கோடுகள், போட்ட கைக்கு, இன்னொருவர் போட்ட நர்லிங் நன்றாகவே புரியும். இந்தக் கத்தியின் முதல் இரண்டு மாதிரிகளின் பிடியும் பித்தளையைக் கடைந்து, மேலே நர்லிங் உருட்டியது. கட்டங்கள் கூர்மையாக, விரல் தோலைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். பிடியின் வயிறு உப்பி, கழுத்து ஒடுங்கும் இடத்தில் அந்தக் கட்டங்கள் சற்றே நெருங்குவதும் விலகுவதும் தெரியும். அச்சில் வார்த்த போலியில் அந்தக் கட்டங்களின் உச்சி மழுங்கியிருக்கும், பள்ளத்தில் மணல் மணலாக வார்ப்பின் தோல் தெரியும். பயன்படுத்தித் தேய்ந்ததும் மழுங்கும்தான். ஆனால் கை பட்டுத் தேய்ந்தது ஒரு பக்கம் தேயும், பெருவிரல் அழுத்தும் இடத்தில் அதிகம் தேயும், பள்ளம் தேயாது. வார்ப்போ எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மழுங்கியிருக்கும்.

மூன்று மாதிரிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதிரியில் கைக்காப்பு ஆங்கில எஸ் எழுத்துபோல் வளைந்திருக்கும். அதன் அடியில் அலகில் கூர் தீட்டாத ஒரு தட்டைச் சதுரப் பகுதி உண்டு. 1942இல் வந்த இரண்டாம் மாதிரியில் கைக்காப்பு நேராகி நீள்வட்டமானது. தட்டைப் பகுதி போய்விட்டது. 1943இல் மூன்றாம் மாதிரி. பித்தளையும் கடைசல் நேரமும் மிச்சமாகட்டும் என்று பிடியைக் கலப்பு உலோகத்தில் வார்த்து, நர்லிங்குக்குப் பதில் வளையம் வளையமாக விட்டார்கள். ஷெஃபீல்டின் பல பட்டறைகள் இதைச் செய்தன. அகன்ற அம்புக்குறி என்ற அரசு முத்திரை சிலவற்றில் இருக்கும், பலவற்றில் எதுவுமே இருக்காது. முத்திரை இல்லை என்பதற்காக ஒரு கத்தியை நான் தள்ளியதில்லை. அம்புக்குறி அடிப்பது மூன்று வெட்டு வேலை. அது இருப்பதற்காகவும் எதையும் ஏற்றதில்லை.

அலகைப் பார்க்க எனக்குப் பிடித்த வழி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே நீட்டி, நடு முதுகுக்கோடு கைக்காப்பிலிருந்து முனைவரை எப்படி ஓடுகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. சாணைக்கல்லின் முன் நின்று கையால் தீட்டியவை போர்க்காலக் கத்திகள். முதுகுக்கோடு எங்காவது ஒரு மயிரிழை விலகியிருக்கும். ஒரு சரிவு மற்றதைவிடச் சற்று அகலமாக இருக்கும். அந்த வேலைக்காரர் நாள் முழுக்க எத்தனை அலகு தீட்டினாரோ, அவர் தோளின் அலுப்பும் அதில் இருக்கிறது. அந்த விலகலை நான் மதிக்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நான்கு சரிவும் அச்சாக இருந்தால், இது பிற்காலத்து இயந்திரம் என்றே என் கை எழுதும்.

அதன்பின் பட்டறை எழுத்து. வில்கின்சன் தன் முதல் மாதிரிகளின் தட்டைப் பகுதியில் ஒரு பக்கம் கத்தியின் பெயரையும் மறுபக்கம் தன் பெயரையும் லண்டன் என்ற ஊர்ப்பெயரையும் அமிலத்தில் பொறித்தது. இது உளி வேலை அல்ல. எழுத்து மட்டும் வெறுமையாக இருக்கும்படி மெழுகு கலந்த மையில் தாளில் அச்செடுத்து, அதை அலகின்மேல் ஒற்றி, மற்ற இடங்களை அமிலம் தொடாதபடி பூசி மூடிவிட்டு, திறந்த இடத்தை அமிலம் தின்ன விடுவார்கள். பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பார்த்தால் பள்ளத்தின் தரை ஒரே ஆழத்தில், பொடிப்பொடியாகச் சொரசொரப்பாக இருக்கும். விளிம்பு வெட்டிய மாதிரி நேராக இராமல் நுணுக்கமாக அரித்திருக்கும். விளிம்பைத் தாண்டி மேலே உலோகம் எழும்பியிருக்காது, ஏனென்றால் எந்தக் கருவியும் அங்கே தள்ளவில்லை.

இதைப் போலிசெய்வது இன்று கடினமில்லை. ஒரு ஸ்டென்சில், கொஞ்சம் உப்புத் தண்ணீர், ஒரு பேட்டரி போதும். மின்சாரம் உலோகத்தை அரித்துவிடும். இப்படிச் செய்தது பெரும்பாலும் ஆழமில்லாமல் கறுப்பாக இருக்கும். கறுப்பை மட்டும் பார்த்துப் பழசு என்று நம்பிவிடுகிறார்கள். நான் பார்ப்பது எழுத்தின் உருவத்தை. உண்மையான கத்திகளின் பொறிப்பைப் பல கோணத்தில் படமெடுத்து வைத்திருக்கிறேன். எழுத்துகளின் இடைவெளி, ஒரு எழுத்தின் கால் எங்கே தடிக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. போலிக்காரர் ஒரு புகைப்படத்திலிருந்து எடுத்த ஸ்டென்சில் என்றால், புகைப்படத்துக்கு மூலமான அந்த ஒரு கத்தியின் கீறலும் தேய்மானமும்கூட எழுத்தின் உருவத்திலேயே வந்துவிடும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் உடைந்திருக்கும் இரண்டு கத்திகளை அடுத்தடுத்துப் பார்த்தால் அவற்றின் தாய் ஒன்றே என்று தெரிந்துவிடும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வில்கின்சன் வாள் தொழிலை 2005இல் நிறுத்தும்வரை, போருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் இதே பெயரில் கத்திகளும் நினைவுப் பதிப்புகளும் செய்தது. அவை போலி அல்ல, போர்க்காலத்தவையும் அல்ல. இரண்டையும் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஆளின் பெயர். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தந்த கடைகளை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததுதான். மின்சார ஊசி வருவதற்கு முன் சிறு உளியைச் சுத்தியால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயரை எழுதுவார்கள். படைவீரன் தன் கையால் எழுதியதும் பெரும்பாலும் அந்த இனம்தான். ஆணியோ பஞ்சோ கொண்டு தட்டிய புள்ளிகள், கோணல் மாணலான முதலெழுத்துகள். அப்படித் தட்டுவதற்கு அவன் தேர்ந்தெடுத்த இடமும் முக்கியம். அலகு கடினமாக்கிய எஃகு. ஆணி அதன்மேல் வழுக்கும். ஆகவே கைக்காப்பின் அடி, பித்தளைப் பிடியின் தலை, உறையின் நுனியிலுள்ள உலோக முனை, உறையின் தோல் ஆகிய மென்மையான இடங்களில்தான் இப்படிப்பட்ட பெயர்கள் இருக்க வேண்டும். அலகின் நடுவில், ஆழமாக, அழகான கையெழுத்தில் ஒரு பெயர் என்றால் அதை ஒரு பட்டறைதான் செய்திருக்க முடியும். பட்டறை என்றால் எப்போது என்பதே கேள்வி.

எழுத்தை வெட்டிய கருவி பள்ளத்தின் அடியிலேயே தன் அடையாளத்தை விட்டுப்போகிறது. கைச் சிற்றுளி வெட்டினால் பள்ளம் ஆங்கில வி எழுத்துபோல் அடியில் கூராக இருக்கும். கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, முடிவில் மறுபடி மெலியும். ஓரத்தில் பிசிறு எழும்பும். மாதிரி எழுத்தைப் பின்பற்றி வெட்டும் பான்டோகிராஃப் இயந்திரத்தில் சுழலும் கட்டர் வெட்டினால் கோடு முழுவதும் ஒரே அகலம், முனைகள் உருண்டை. லேசர் என்றால் உலோகம் உருகி உறைந்த குழிகள் வரிசை வரிசையாக நிற்கும், ஓரம் சூட்டில் நிறம் மாறியிருக்கும். லேசர் எழுத்தோடு ஒரு போர்க்காலக் கத்தியை உண்மை என்று யாராவது சொன்னால் லென்ஸை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

பான்டோகிராஃப்தான் சங்கடம். போர்க்காலத்திலேயே அந்த இயந்திரம் உண்டு. பரிசுக் கோப்பை விற்கும் எந்தக் கடையும் அதில் பெயர் வெட்டித் தரும். எனவே கருவியை அடையாளம் கண்டால் போதாது, காலத்தைக் காண வேண்டும். அதற்கு நான் நம்புவது கீறல்களை. எண்பது ஆண்டு உறையில் போய்வந்த அலகில் நீளவாட்டில் ஆயிரம் கீறல் இருக்கும். எழுத்துக்குக் குறுக்கே போகும் ஒரு கீறலைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்து முதலில் வந்து கீறல் பின்னால் வந்திருந்தால், கீறிய பொருள் பள்ளத்தின் விளிம்பை உரசிக்கொண்டு இறங்கியிருக்கும். விளிம்பில் சிறு சிதைவு இருக்கும், உலோகம் இம்மியளவு பள்ளத்துக்குள் தள்ளப்பட்டிருக்கும். கீறல் பழையது, எழுத்து புதியது என்றால், கீறல் எழுத்தின் ஓரம்வரை வந்து கத்தரித்தாற்போல் நின்று, அடுத்த கரையில் அதே நேர்கோட்டில் தொடரும். விளிம்பில் சிதைவு இருக்காது. ஒரு கீறலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பத்துக் கீறலும் ஒரே கதை சொன்னால் சொல்வேன். துருக்குழியும் அப்படியே. துரு எழுத்தின் ஓரத்தைத் தின்றிருந்தால் எழுத்து மூத்தது. எழுத்து துருக்குழிக்குள் இறங்கி, குழியின் தரையையும் வெட்டிக்கொண்டு போயிருந்தால் துருதான் மூத்தது.

கறுப்பூட்டிய கத்திகளில் இன்னொரு வழி இருக்கிறது. பின்னால் வெட்டிய எழுத்து வெள்ளி மாதிரிப் பளிச்சென்று நிற்கும். அதை மறைக்கக் கடையில் கிடைக்கும் கறுப்பூட்டும் திரவத்தைத் தடவுவார்கள். அந்தக் கறுப்பு திட்டுத்திட்டாக, நீலம் பாய்ந்து இருக்கும். அழுகிய முட்டைபோன்ற அதன் வாடை சில நாள் போகாது. கத்தியை மூக்கருகே கொண்டுபோவதை நான் வெட்கப்பட்டுச் செய்வதில்லை. உறையையும் முகர்வேன். தையல் நூலைப் புறஊதா விளக்கில் காட்டுவேன். போருக்குப் பிந்தைய செயற்கை நூல் பெரும்பாலும் வெள்ளை நீலமாகச் சுடர்விடும், பழைய பருத்தி நூல் மங்கிக் கிடக்கும். ஆனால் உறைகள் இடம் மாறுகின்றன. பழைய உறைக்குள் புதுக் கத்தியும், பழைய கத்திக்குப் புது உறையும் தாராளமாக வருகின்றன. ஒன்றின் சாட்சி மற்றதற்குச் செல்லாது.

இதே குடும்பத்தில் அமெரிக்க மரீன் ரெய்டர் குத்துவாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கெமில்லஸ் நிறுவனம் சுமார் 14,000 செய்தது. பிடியைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அந்த உலோகம் வயதாக ஆகத் தானே வெடித்து உதிர்கிறது. அலகின் மேற்பகுதியில் ஒரு சுருள் பட்டைக்குள் யு.எஸ்.எம்.சி. என்ற எழுத்து அமிலத்தில், மிக மேலோட்டமாகப் பொறித்திருக்கும். பத்துமுறை துடைத்தாலே மங்குகிற ஆழம்தான். ஆக, பிடி உதிர்ந்துகொண்டிருக்க அலகெழுத்து மட்டும் நேற்றுப் பொறித்ததுபோல் கூர்மையாக இருந்தால், இரண்டும் ஒரே வாழ்க்கை வாழவில்லை. அலகும் பிடியும் எழுத்தும் உறையும் ஒரே அளவு முதுமை அடைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தக் கத்தியிலிருந்துதான் வந்தது.

இவ்வளவும் முடிந்தபின் துணியை எடுப்பேன். இப்போது எழுத்தைப் படிக்கலாம்.

எண் இருந்தால் நல்லது. பிரிட்டிஷ் தரைப்படை எண்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. 1920 முதல் ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் தனி எண் தொகுதி. 1942இல் ஜெனரல் சர்வீஸ் கோர் என்ற பொதுச் சேர்க்கைப் படையை ஏற்படுத்தி, அந்த ஆண்டு ஜூலையிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 14 என்று தொடங்கும் எட்டு இலக்க எண் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட எண்ணோடு செயின்ட் நசேர் 1942 என்று வெட்டிய கத்தி ஒன்று என் மேசைக்கு வந்தது. செயின்ட் நசேர் என்ற பிரெஞ்சுத் துறைமுகத்தின்மேல் கமாண்டோ தாக்குதல் நடந்தது 1942 மார்ச் 28 விடியற்காலை. அந்த எண்ணுக்கு உரியவன் அப்போது படையிலேயே சேர்ந்திருக்க முடியாது. ராயல் மரீன்களுக்கு வேறு வழக்கம். போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் என்று எந்தப் பிரிவைச் சேர்ந்தவரோ அதன் குறி எண்ணுக்கு முன்னால் வரும். தரைப்படை எண்ணோடு மரீன் கமாண்டோ பெயர் வந்தால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாதிரியும் ஆண்டும் மோதுகிற இடத்தில் மட்டும் நான் அவசரப்படுவதில்லை. வளையப் பிடி உள்ள மூன்றாம் மாதிரியில், பிரெஞ்சுக் கரையில் நடந்த இன்னொரு தாக்குதலின் பெயராக, டியப் 1942 என்று இருந்தால் பலர் உடனே போலி என்று தூக்கிப்போடுவார்கள். டியப்பில் அந்தக் கத்தி இருந்திருக்க முடியாது, சரி. ஆனால் டியப்புக்குப் போய்த் தப்பிவந்தவன், 1944இல் கிடைத்த புதுக் கத்தியில் தான் போன ஊர்களை வரிசையாக வெட்டிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்ய அவனுக்கு முழு உரிமை உண்டு. இங்கே வெட்டெழுத்தின் வயதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஆண்டுக்கணக்கு அல்ல.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கதை முற்றும் சரியாக இருந்து எழுத்து பொய்யாவதும் உண்டு. திருகோணமலையைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு இளைஞர் லண்டனில் என்னைத் தேடிவந்தார். மூன்றாம் மாதிரிக் கத்தி. அலகின் ஒரு சரிவில் ஒரு பெயர், 5 கமாண்டோ, திருகோணமலை 1944.

"அண்ணா, எங்கட ஊர்ப் பேர் கிடக்கு. அப்பப்பா அப்ப அங்க டொக்யார்ட்டில வேலை செய்தவர். அதுக்காகவே வாங்கினனான்" என்றார்.

பொறிப்பில் சொன்னது வரலாற்றோடு அச்சாகப் பொருந்தியது. 3ஆம் கமாண்டோ பிரிகேட் 1944இல் திருகோணமலையில் இருந்தது. 5ஆம் கமாண்டோ அதில் ஓர் அங்கம். அங்கிருந்து போனவர்கள்தான் 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில் காங்காவில், 170ஆம் குன்றில் அந்தக் கடும் சண்டையைப் போட்டார்கள். பெயரை நம்புவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. புத்தகம் படிக்கிற போலிக்காரனுக்கும் அதே காரணங்கள் கிடைக்கும்.

கத்தி உண்மையானது. பிடியின் வார்ப்பு, அலகின் கைத்தீட்டல், கறுப்பு தேய்ந்த இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. எழுத்து பான்டோகிராஃப். அலகின் சரிவில் ஒரு துருத்திட்டு, ஊர்ப்பெயரின் மூன்று எழுத்துகளுக்குக் கீழே படர்ந்திருந்தது. கட்டர் அந்தத் திட்டின் குழிகளுக்குள் இறங்கி, குழியின் தரையைச் சீராக வெட்டிக்கொண்டு மறுபக்கம் ஏறியிருந்தது. கீறல்கள் எல்லாம் எழுத்தின் கரையில் வந்து நின்று, மறுகரையில் தொடர்ந்தன. பள்ளத்துக்குள் திட்டான நீலக்கறுப்பு.

"தம்பி, கத்தி போர்க்காலத்ததுதான். உங்கள் அப்பப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலத்ததுதான். பெயர் மட்டும் துருப்பிடித்ததற்கு அப்புறம் வெட்டியது" என்றேன். லென்ஸைக் கொடுத்து அந்தக் குழியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இந்த எழுத்தைத் தேய்ச்சு அழிச்சுப்போடட்டே?"

வேண்டாம் என்றேன், நான் எல்லோருக்கும் சொல்வதுபோல. தேய்த்தால் அலகின் சரிவு கெடும், கைத்தீட்டலின் தடம் போகும், உண்மையாக இருக்கிற பாகமும் ஊனமாகும். அதோடு, அழித்துவிட்டால் பொய்க்கான சாட்சியும் அழிந்துவிடும். அந்த எழுத்தை வெட்டியவர் அதே ஊர்ப்பெயரை இன்னொரு கத்தியில் வெட்டியிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இது வேண்டும். அந்தப் பெயருக்குரிய மனிதர் உண்மையில் வாழ்ந்தவராக இருக்கலாம், காங்காவில் நின்றவராகவும் இருக்கலாம். அவர் பெயரை ஒருவர் காசுக்காக எடுத்து ஒட்டியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆத்திரம் தருவது. போரில் செத்தவர்கள் பெயரென்றால் அந்த ஆத்திரம் இன்னும் அதிகம்.

அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மேலே, பார்த்தவை: அளவுகள், எடை, பிடியின் விவரம், துருத்திட்டின் இடம், எழுத்தின் பள்ளம், லென்ஸ் வழியே எடுத்த படங்கள். கீழே, தனியாக, சொல்லப்பட்டவை: விற்றவர் சொன்ன கதை, பொறிப்பில் உள்ள பெயர், ஊர், ஆண்டு. என் சேகரத்தில் உள்ள ஒவ்வொரு கத்திக்கும் இதேபோல் இரண்டு பகுதியாகத்தான் குறிப்பு வைத்திருக்கிறேன். பார்த்ததிலிருந்து சொன்னதற்கு எதையும் நகர்த்துவதில்லை, சொன்னதிலிருந்து பார்த்ததற்கும் நகர்த்துவதில்லை. கத்தியை யாருக்காவது கொடுத்தால் குறிப்பும் கூடவே போகும். விற்கும்போது பெயரில்லாத மூன்றாம் மாதிரியின் விலைக்கே விற்க வேண்டும், பொறிப்பு பின்னாளையது என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று அந்தத் தாளின் அடியில் சேர்த்தேன். அவர் விற்கவில்லை. தனக்கு விற்றவரிடம் அந்தத் தாளைக் காட்டி, பெயருக்கென்று கூடுதலாக வாங்கிய தொகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.